அம்மா திடீரென்று அமைதியாகிவிட்டால்: மனச்சோர்வா, மாத்திரையா, வேறு நோயா?

என் அம்மாவுக்கு அப்போது 73 வயது. அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினார், சீரியல் பார்ப்பதை நிறுத்தினார், சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கலடா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: துணை போன துக்கம், வயசும் ஆகுது, அப்படித்தான் இருக்கும். நாங்களும் நம்பினோம். ஒரு டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். பத்தாம் நாள் பாத்ரூமில் விழுந்தார். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 119. அது 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டியது.

பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு அவருடைய பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார்கள், புதியதில் சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது, அது சோடியத்தை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையும் முதியவர்களுக்குச் சோடியத்தை இறக்கக்கூடிய வகை. தேதிகளை ஒன்றாக வைத்து யாருமே பார்க்கவில்லை, நான் உட்பட.

சோடியம் சரியானதும் அம்மா எழுந்து நடந்தார், பேசினார், ஆனால் பழைய அம்மாவாக முழுதாகத் திரும்பவில்லை. அடியில் மனச்சோர்வும் நிஜமாகவே இருந்தது. இந்த விஷயத்தில் மிகவும் குழப்புவது இதுதான். மாத்திரையா, நோயா, மனசா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இது பெரும்பாலும் வருவதில்லை, இரண்டு மூன்று சேர்ந்தே வரும். அதனால் ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதையும் முதியோர் நல மருத்துவர்கள் பொறுமையாக விளக்கியதையும் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் இது: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது? நேற்று முன்தினம் வரை நன்றாக இருந்தவர் இன்று எழுப்ப எழுப்பத் தூங்குகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், காலையில் தெளிவாக இருந்துவிட்டு மாலையில் வேறு ஆளாகிவிடுகிறார் என்றால் அது மனச்சோர்வு இல்லை. டெலிரியம் என்பார்கள், மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை. கத்திக் கூச்சல் போட்டால்தான் டெலிரியம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் முதியவர்களிடம் அதிகம் வருவது சத்தமில்லாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும் வகை. அதனாலேயே "மனசு சரியில்ல போல" என்று விட்டுவிடுகிறோம். சிறுநீர்த் தொற்று (காய்ச்சலே இல்லாமல்கூட வரும்), நிமோனியா, சிறுநீர் அடைப்பு, நாலு நாள் மலச்சிக்கல், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தது என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. மனச்சோர்வில் இருப்பவர் சலித்துக்கொண்டே, மெதுவாகவாவது சொல்லி முடிப்பார். டெலிரியத்தில் இருப்பவர் பாதியில் நூலை விட்டுவிடுவார். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஆனால் உடனே கிளம்ப வேண்டுமா என்று தீர்மானிக்க உதவும்.

சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவராக இருந்தால் அந்த நிமிடமே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பாடு குறைந்தபின் அதே அளவு கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போட்டால் சர்க்கரை இறங்கும், முதியவர்களுக்கு வியர்வை, படபடப்பு எதுவும் இல்லாமல் வெறும் மந்தமாகவே அது தெரியலாம். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் 108. கடந்த சில வாரங்களில் தலையில் அடிபட்டிருந்தால், லேசான அடியாக இருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துச் சோர்வாக, தடுமாற்றமாக வெளிவரும். சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையால் சரியாகவும் வாய்ப்பு உண்டு.

சாகவேண்டும் என்ற பேச்சும், சாப்பாடு தண்ணீரை மறுப்பதும் இதே வரிசையில் வைக்க வேண்டியவை. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது: ஒரு நோட்டு, இரண்டு பத்தி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவரிடம் கண்ட மாற்றங்களைத் தேதியோடு எழுதுங்கள். சரியான தேதி தெரியாவிட்டால் "ஆடி 18-க்கு முன்னாடி", "பேத்தி நிச்சயத்துக்குப் பிறகு" என்று எழுதினாலும் போதும். வலப்பக்கம் கடந்த ஆறு மாதத்தில் தொடங்கிய, நிறுத்திய, அளவு மாற்றிய மருந்துகள், ஆஸ்பத்திரியில் படுத்தது, விழுந்தது, காய்ச்சல், வீட்டில் நடந்த சாவு, வீடு மாறியது எல்லாம்.

ஒரு மருந்து தொடங்கிய சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மாற்றம் வந்திருந்தால் மருந்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இதில் ஒரு வழுக்கல் உண்டு. பத்து வருடமாக ஒத்துக்கொண்ட மாத்திரை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனென்றால் சிறுநீரகம் மந்தமாகியிருக்கும், எடை குறைந்திருக்கும், அல்லது புதிதாகச் சேர்த்த வேறொரு மருந்து பழையதன் அளவை உடம்பில் ஏற்றிவிட்டிருக்கும். "இதைத்தான் வருஷக்கணக்கா போடுறாங்களே" என்று சொல்லி எதையும் பட்டியலிலிருந்து விடாதீர்கள்.

மூன்றாவது: மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். டாக்டர் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, லேகியம், சூரணம், சத்து மாத்திரை, கண்ணில் விடும் சொட்டு மருந்து, வலிக்கு ஒட்டும் பட்டை. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள், அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. சுகாதார நிலையத்தில் வாங்கியதும் தனியார் டாக்டர் எழுதியதும் ஒரே மருந்தாக இருந்து இரண்டையும் சேர்த்து விழுங்கும் வீடுகள் நிறைய.

இனி எவற்றைத் தேட வேண்டும் என்று பார்ப்போம். நம் ஊர் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது கேஸ் மாத்திரை. வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்கும் சில கேப்சூல்களில் ராபிபிரசோல் அல்லது பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். முதியவர்கள் இதை மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சன் நோய் மாதிரியே ஒரு நிலை வரலாம்: முகத்தில் பாவனை போய்விடும், கண் சிமிட்டல் குறையும், குரல் தேயும், சின்னச் சின்ன அடியாக நடப்பார்கள், எதற்கும் நேரம் எடுக்கும். பார்ப்பவர்களுக்கு அது அச்சு அசல் மனச்சோர்வுதான். என் பெரியப்பா ஒரு வருடம் அப்படி இருந்தார். டாக்டர் அந்த ஒரு கேப்சூலை மாற்றி மூன்று மாதத்தில் பழையபடி மார்க்கெட்டுக்கு நடந்து போனார். எல்லாருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு அடியில் நிஜமான பார்க்கின்சனே இருக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே வகை.

தலைசுற்றல் மாத்திரையையும் இதே கண்ணோடு பாருங்கள். சின்னரிசின், ஃப்ளூனரிசின் இரண்டும் உடம்பை மந்தமாக்கி இறுக்குவதோடு மனச்சோர்வையே கொண்டுவரக்கூடியவை. சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, நிறுத்தினால் தலை சுற்றுமே என்ற பயத்தில் வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள்.

பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் "ஹெச்" என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து, சேர்ந்திருக்கிறது. குளோர்தாலிடோன், இண்டபமைடு இரண்டும் அந்தக் குடும்பம்தான். நல்ல மருந்துகள், பல லட்சம் பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பவை, ஆனால் ஒல்லியான, வயதான, உப்பைக் குறைத்துச் சாப்பிடும் பெண்களுக்குச் சோடியம் இறங்கும் ஆபத்து அதிகம். என் அம்மா இந்த மூன்றும்தான். சோடியம் குறைந்ததென்று தெரிந்ததும் வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறிய வேகத்தில் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரும், அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வேலை.

பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால் போன்றவை மனச்சோர்வை உண்டாக்கும் என்று பல காலம் சொல்லி வந்தார்கள், பிந்தைய ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. ஆனால் களைப்பு நிஜம், நாடித்துடிப்பு குறைவது நிஜம். துடிப்பு ஒரு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போகிறதென்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கண் அழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டும் இதே குடும்பம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கண்ணில் விட்டது ரத்தத்துக்கும் போகும்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசிபம், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் (சிறுநீரகம் பலவீனமானால் இவை உடம்பில் தங்கும்), அமிட்ரிப்டிலின், டிரைஹெக்ஸிபெனிடில், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் எல்லாமே முதியவரை மந்தமாக்கும், மறதியைக் கூட்டும், விழவைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிராசெட்டம் சிலருக்கு எரிச்சலும் சோகமும் தரும். ஸ்டீராய்டு மனசை மேலேயும் தூக்கும், கீழேயும் தள்ளும். மூட்டு வலிக்கென்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம், அதனால் அந்தப் பொட்டலத்தையும் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தச் சந்தேகம் புதிதில்லை. 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் சர்ப்பகந்தா வேரை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார், அந்தச் செடியிலிருந்து பிரித்த ரெசர்பின் உலகமெங்கும் போனது. 1950-களில் அதைச் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாக டாக்டர்கள் எழுதத் தொடங்கியதும்தான், பிரஷர் மாத்திரைக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்குமோ என்று மருத்துவ உலகம் உற்றுப் பார்த்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, சந்தேகப்பட்ட மாத்திரை கிடைத்துவிட்டது. நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மெட்டோப்ரோலாலைப் பட்டென்று நிறுத்தினால் மாரடைப்பு வரை போகலாம், அல்பிரசோலத்தை நிறுத்தினால் வலிப்பு வரலாம், நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை நிறுத்தினால் உயிரே போகலாம். பட்டியலோடு டாக்டரிடம் போய், "இதைக் குறைக்க முடியுமா, மாற்ற முடியுமா" என்று கேளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், நாலைச் சேர்த்து மாற்றினால் எதனால் தேறினார் என்பதே தெரியாது.

நான்காவது: உடம்பு சொல்வது

சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் மனச்சோர்விலும் வரும், பாதி நோய்களிலும் வரும். அதனால் இந்த மூன்றை விட்டுவிட்டு, கூட என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாரும் மின்விசிறி போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் போர்வை கேட்கிறார், குரல் கரகரக்கிறது, தோல் வறள்கிறது, மலச்சிக்கல் என்றால் தைராய்டு குறைவாக இருக்கலாம். எடை இறங்கி நெஞ்சு தாறுமாறாக அடித்தால் தைராய்டு கூடுதலாகவும் இருக்கலாம், இளையவர்களிடம் தெரியும் பரபரப்பு எதுவும் இல்லாமல் முதியவர்களிடம் அது வெறும் சோர்வாக வரும். பாதத்தில் மதமதப்பு, இருட்டில் நடக்கத் தடுமாற்றம், நாக்கு எரிச்சல் என்றால் பி12 பாருங்கள், அதுவும் சைவச் சாப்பாடு, பல வருட மெட்ஃபார்மின், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பல வருடம் என்று இருப்பவர்களுக்குக் கட்டாயம். மூச்சு வாங்குதல், வெளிறிய கண் இமை என்றால் ரத்தசோகை, வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் எடுப்பவராக இருந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். ஒரு கை மட்டும் நடுங்குவது, கையெழுத்து சுருங்குவது, வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது பார்க்கின்சன் பக்கம் காட்டும். முயற்சி செய்யாமலே எடை குறைந்துகொண்டே போனால் மனசின் மேல் பழி போடும் முன் காசநோய், புற்றுநோய் இரண்டையும் தேட வேண்டும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியமும் பொட்டாசியமும், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கால்சியம், கல்லீரல், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), பி12, சிறுநீர், ஒரு ஈசிஜி. பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம். தலை ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. அப்புறம் ஒரு எச்சரிக்கை. டிஎஸ்ஹெச் 6, 7 என்று லேசாக ஏறியிருப்பது 70 வயதுக்கு மேல் சகஜம், அது ஒன்றே இவ்வளவு சோர்வுக்கும் காரணம் என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

காதும் கண்ணும் நோய்ப் பட்டியலில் வராததால் மறந்துபோகும். காது கேட்காதவர் கூட்டத்திலிருந்து ஒதுங்குவார், கண்புரை முற்றியவர் பேப்பர் படிப்பதை நிறுத்துவார். வெளியிலிருந்து பார்த்தால் ஆர்வம் போனது போலவே இருக்கும்.

ஐந்தாவது: மனசைக் கேட்பது

நம் பெரியவர்கள் "சோகமா இருக்கேன்" என்று சொல்ல மாட்டார்கள். "உடம்பு அசத்துது", "நெஞ்சு பாரமா இருக்கு", "வயித்துல என்னமோ உருளுது" என்றுதான் சொல்வார்கள். அழுகையே இல்லாமலும் மனச்சோர்வு வரும். அதனால் நான் சோகத்தைத் தேடுவதில்லை, சந்தோஷத்தைத் தேடுகிறேன். உடம்பு முடியாதவர் எழ முடியாவிட்டாலும் பேரன் வந்தால் முகம் மலரும், பிடித்த குழம்பு வாசத்துக்கு எட்டிப் பார்ப்பார், "கால் மட்டும் சரியானா கோயிலுக்குப் போயிட்டு வந்துருவேன்" என்பார். மனச்சோர்வில் இருப்பவருக்குக் கால் சரியானாலும் கோயிலுக்குப் போக ஆசை இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து மறுபடி தூங்காமல் கிடப்பது, காலையில் மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருப்பது, "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்", "நான் செஞ்ச பாவம்" என்ற குற்றவுணர்வுப் பேச்சு ஆகியவை மனச்சோர்வின் பக்கம் வலுவாகச் சாய்பவை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

துக்கம் வேறு. துக்கம் அலை அலையாக வரும், நடுவில் அவரைப் பற்றிப் பேசிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைக்காது, கூடவே "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

1980-களில் ஜெரோம் யெசவேஜும் குழுவும் முதியோருக்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் செய்தார்கள், அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டும். தமிழில் மொழிபெயர்த்துச் சரிபார்த்த வடிவமும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, தூக்கம், பசி, வலி பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பது. அவை உடல் நோயிலும் வருவதால் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். மதிப்பெண் 5-க்கு மேல் போனால் டாக்டர் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் உறுதி என்று அர்த்தமில்லை.

சாவைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். "அப்பா, வாழ்ந்தது போதும்னு தோணுதா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நெனச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பல பேருக்கு யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். "எமன் என்னை மறந்துட்டான்" என்று வழக்கமாகப் புலம்புவது ஒன்று, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது, நகையைப் பிரித்துக் கொடுப்பது, பத்திரங்களை எடுத்து ஒப்படைப்பது வேறு. இரண்டாவது வகை என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரைப் பை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மறதியும் சேர்ந்திருந்தால்

மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, மூளையே போச்சு" என்று தானே புகார் சொல்வார், கேள்வி கேட்டால் முயற்சி செய்யாமல் "தெரியல" என்பார். மறதி நோய் தொடங்குபவர் பெரும்பாலும் அதை மறைப்பார், மழுப்பிப் பதில் சொல்வார், புகார் வீட்டாரிடமிருந்துதான் வரும். முதலாவது சில வாரங்களில் வரும், இரண்டாவது வருடங்களில் ஊர்ந்து வரும். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட மனச்சோர்வு வராதவருக்கு 70-க்கு மேல் முதல்முறையாக வந்தால், அது மறதி நோயின் முன்னோட்டமாகவும் இருக்கலாம், மனச்சோர்வு தேறிய பிறகும் ஞாபக சக்தியை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறாவது: டாக்டரிடம்

முதலில் பொது மருத்துவரிடம் போங்கள், முதியோர் நல மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. சென்னை கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நோட்டையும் மாத்திரைப் பையையும் கையோடு கொண்டு போங்கள். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்: "மூணு மாசம் முன்னாடி வரைக்கும் தானே சமைச்சாங்க, இந்த மாத்திரை மாத்தி ரெண்டு வாரத்துல படுத்துட்டாங்க." இது "ரொம்ப டல்லா இருக்காங்க டாக்டர்" என்பதைவிட நூறு மடங்கு உதவும். பெரியவரைத் தனியாகச் சில நிமிடம் பேச விடுங்கள், மகன் மருமகள் முன்னால் சொல்ல முடியாதது இருக்கும்.

மனச்சோர்வு மாத்திரை எழுதினால் நான்கு கேள்வி கேளுங்கள். குறைந்த அளவில் தொடங்குகிறோமா? இரண்டு வாரத்துக்குள் சோடியம் பார்க்க வேண்டுமா? ஆஸ்பிரினோடும் வலி மாத்திரையோடும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வருமா? எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? முதியவர்களுக்குப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம், முதல் வாரத்திலேயே "ஒண்ணும் வேலை செய்யல" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது முறை வேறு மாத்திரையை அரை அளவில் தொடங்கினார்கள், பிரஷர் மாத்திரையையும் மாற்றினார்கள். பத்தாம் நாள் சோடியம் 136. நோட்டில் நான் வாரம் ஒருமுறை மூன்றே விஷயம் எழுதினேன்: எத்தனை மணிக்கு விழித்தார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார், தானாக என்ன கேட்டார். ஐந்தாம் வாரம் வரை மூன்றாவது பத்தி காலி. ஆறாம் வாரம் அதில் எழுதியிருக்கிறேன்: "கோலமாவு தீந்துடுச்சா என்று கேட்டார்."